சொல்லிவைத்தாற்போல் வருகிறவர்கள்

"ஒன்னு, ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும். இல்லாட்டி சொல்லி வெச்ச மாதிரி அத்தனை பேரும் ஒரே நேரத்துல வந்து நிப்பாங்க." பினாங்கு ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில், லெபோ பாசாரை ஒட்டிய சந்தில் தேநீர்க் கடை வைத்திருக்கும் என் மாமாவின் நிரந்தரப் புலம்பல் இது. புலம்பலோடு ஒரு காரணமும் வரும். மழை வரப்போகிறது, அதனால் கூட்டம். நேற்றுச் சம்பளம், அதனால் கூட்டம். பள்ளி விடுமுறை, அதனால் ஆளில்லை. ராகு காலம் முடிந்துவிட்டது, அதனால் மறுபடி கூட்டம். ஒன்றுமே அகப்படாத நாளில் "இன்னிக்கு யார் மூஞ்சில முழிச்சேனோ" என்பார். பழி அத்தை மேல் போய் விழும்.

இந்தக் காரணங்களில் பெரும்பாலானவை தேவையே இல்லை என்பது என் கட்சி. கூட்டம் கூட யாரும் சொல்லிவைக்க வேண்டியதில்லை. ஒருவரை ஒருவர் அறியாத மனிதர்கள் அவரவர் போக்கில் வந்தாலே கொத்துக் கொத்தாகத்தான் வந்து விழுவார்கள். நடுவில் நீண்ட வெறுமையும் இருக்கும். இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் என்று பிசகாமல் வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அப்போதுதான் யாரோ சந்து முனையில் நின்றுகொண்டு ஒவ்வொருவராக அனுப்பி வைக்கிறார் என்று அர்த்தம்.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் திட்டமிடல் பிரிவில் எனக்கு வேலை. எந்த இயந்திரம் எப்போது படுத்துக்கொள்ளும், எந்தச் சரக்கு எப்போது வந்து சேரும் என்பதையெல்லாம் முன்கூட்டியே கணினிக்குள் ஓட்டிப் பார்ப்பது பிழைப்பு. இது தெரிந்த மாமா ஒருநாள் பசியாறிக்கொண்டிருக்கும்போது கேட்டார். "காலையில டீ கலக்க இன்னொரு ஆளு போடலாமா வேணாமா? ஒன் கம்ப்யூட்டரைக் கேட்டுச் சொல்லேன்."

அவரிடம் ஏற்கெனவே ஒரு மனக்கணக்கு இருந்தது. கூட்ட நேரத்தில் மணிக்குச் சுமார் 30 பேர் என்று வைத்துக்கொண்டால் இரண்டு நிமிடத்துக்கு ஒருவர். ஒரு ஆளுக்குத் தே தாரேக் (நுரைக்க இழுத்து ஆற்றும் பால் டீ) இழுத்து, காசு வாங்கி, மிச்சம் கொடுத்து அனுப்ப மாஸ்டருக்கு ஒன்றரை நிமிடம். ஆக ஒவ்வொருவருக்கும் அரை நிமிடம் உபரி. மணிக்குப் பதினைந்து நிமிடம் மாஸ்டர் சும்மா நிற்க வேண்டும். "கணக்கு சரியாத்தானே இருக்கு? அப்புறம் ஏன்டா வரிசை வாசலைத் தாண்டி நிக்குது?"

கணக்கு சரிதான். சராசரி என்பதை மாமா கால அட்டவணையாகப் படித்துவிட்டார், அவ்வளவே. சராசரி இரண்டு நிமிடம் என்றால் நிஜமான இடைவெளிகள் எப்படியெல்லாம் சிதறும் என்பதைச் சொல்வதற்கு ஒரு பரவல் இருக்கிறது: எக்ஸ்பொனென்ஷியல் பரவல். பாடநூலில் அடுக்குக்குறிப் பரவல் என்று பார்த்திருப்பீர்கள். அதிலிருந்து ஒரு வருகை நேரத்தை உருவாக்குவது ஒரே ஒரு வரிதான். ஆனால் அந்த வரிக்குள் மடக்கை (லாகரிதம்) எப்படி வந்து உட்கார்ந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதைப் பயன்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கு 30 பேர் என்றால் 120 விநாடிக்கு ஒருவர். ஏதாவது ஒரு விநாடியை எடுத்தால், அதில் ஒருவர் வந்து நிற்பதற்கான வாய்ப்பு 120இல் 1. வராமலிருக்க 120இல் 119. சென்ற விநாடியில் யார் வந்தார், வரவில்லை என்பது இந்த விநாடிக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கட்டுரையின் முழுப் பாரமும் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது, பிறகு இதை உதைத்துப் பார்ப்போம். அப்படியானால் தொடர்ந்து 120 விநாடி, அதாவது சராசரி இடைவெளி முழுவதும், யாருமே வராமலிருக்க வாய்ப்பு 119/120ஐ 120 தடவை பெருக்கினால் கிடைப்பது: 0.366. விநாடியை இன்னும் பொடிப்பொடியாக நறுக்க நறுக்க இந்த எண் 0.368இல் போய் நிற்கும். 2.718 என்ற அந்தப் புகழ்பெற்ற எண்ணால் ஒன்றை வகுத்தால் வருவது இதுதான். நான்கு நிமிடம் வெறுமையாக இருக்க 0.368ஐ இரண்டு தடவை பெருக்க வேண்டும், 0.135. ஆறு நிமிடத்துக்கு மூன்று தடவை, 0.05.

இப்போதே ஒரு விஷயம் கண்ணில் பட வேண்டும். சராசரியைவிட நீளமான இடைவெளிகள் நூற்றுக்கு 37 மட்டுமே. மீதி 63 சராசரியைவிடக் குறைவானவை. சரிபாதி இடைவெளிகள் ஒரு நிமிடம் 23 விநாடிக்குள் முடிந்துவிடும். அரை நிமிடத்துக்குள் அடுத்த ஆள் வந்துவிடுகிற வாய்ப்பு நூற்றுக்கு 22. குட்டி இடைவெளிகள் ஏராளம், நெட்டை இடைவெளிகள் சில. அந்தச் சிலதான் சராசரியை இரண்டு நிமிடத்துக்கு இழுத்துப் பிடித்து வைத்திருக்கின்றன. மாமாவின் புலம்பலும் இதேதான், எண்களில்.

இனி உருவாக்கும் வேலை. கணினியிடம் 0க்கும் 1க்கும் இடையில் ஏதாவது ஓர் எண்ணைக் கேளுங்கள். அதை 'உ' என்போம். பிறகு கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: "இத்தனை நேரம் யாரும் வராமலிருக்க வாய்ப்பு சரியாக 'உ' ஆக வேண்டுமானால், அந்த நேரம் எவ்வளவு?" 'உ' 0.368 என்றால் இரண்டு நிமிடம். 0.135 என்றால் நான்கு. 0.05 என்றால் ஆறு. அடுக்கைப் பின்னோக்கி நடப்பது மடக்கை; 2.718ஐ அடிமானமாக வைத்தால் அது இயல் மடக்கை. ஆகவே:

இடைவெளி = − (சராசரி இடைவெளி) × இயல் மடக்கை (உ)

1க்குக் குறைவான எண்ணின் மடக்கை எப்போதும் எதிர்மறை, அதனால்தான் முன்னால் அந்தக் கழித்தல் குறி. இந்தத் திருப்பிப் போடும் உத்தியை 1947இல் கணிதவியலாளர் ஜான் வான் நியூமன் ஸ்டானிஸ்லாவ் உலாமுக்கு எழுதிய கடிதத்தில் பார்க்கலாம். அணுகுண்டுக்குள் நியூட்ரான்கள் எப்போது மோதும் என்று கணினியில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர்களுக்கும் லெபோ பாசார் டீக்கடைக்கும் ஒரே சூத்திரம்.

கையாலேயே செய்து பார்ப்போம். பத்து எண்கள்: 0.62, 0.08, 0.91, 0.87, 0.33, 0.97, 0.15, 0.74, 0.04, 0.55. சூத்திரத்தில் போட்டால் இடைவெளிகள் நிமிடக் கணக்கில் 0.96, 5.05, 0.19, 0.28, 2.22, 0.06, 3.79, 0.60, 6.44, 1.20. கூட்டினால் 20.79 நிமிடத்தில் பத்துப் பேர். சராசரி ஏறக்குறைய இரண்டு நிமிடம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே பாருங்கள். கடை பத்து மணிக்குத் திறந்ததாக வைத்துக்கொண்டால், முதல் ஆள் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடுகிறார். பிறகு ஐந்து நிமிடம் ஈ ஓட்டல். 10:06க்கு மூன்று பேர் அரை நிமிடத்துக்குள் அடுத்தடுத்து. 8.7ஆம் நிமிடத்தில் இருவர், நான்கு விநாடி இடைவெளியில். மாமா பார்த்தால் ஒரே காரில் வந்த அண்ணன் தம்பி என்று சத்தியம் செய்வார். 13ஆம் நிமிடத்துக்குப் பிறகு ஆறு நிமிடத்துக்கும் மேல் ஒருவர்கூட இல்லை. இதில் மழை இல்லை, சம்பள நாள் இல்லை, அத்தையின் முகமும் இல்லை.

இப்போது மாஸ்டரை நிறுத்துவோம், ஆளுக்கு ஒன்றரை நிமிடம். இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் என்று ஒழுங்காக வந்திருந்தால் யாரும் ஒரு விநாடிகூடக் காத்திருக்க மாட்டார்கள். நம் பத்துப் பேரில் ஏழு பேர் காத்திருக்கிறார்கள். ஆறாவது ஆள் மூன்றேகால் நிமிடம் நிற்கிறார். அதே நேரத்தில் மாஸ்டர் சும்மா நின்ற நேரத்தையும் பாருங்கள்: இரண்டாவது ஆள் வருமுன் மூன்றரை நிமிடம், ஒன்பதாவது ஆள் வருமுன் மூன்று நிமிடம். மாமா கணக்குப் போட்ட உபரி நேரம் காணாமல் போகவில்லை. அது தேவைப்படாத இடத்தில் கட்டியாகக் கிடக்கிறது. ஓய்வைச் சேமித்து வைத்து நெரிசலில் செலவழிக்க முடிந்தால் உலகத்தில் எந்தக் கவுண்டரிலும் வரிசையே இருக்காது.

பத்துப் பேரை வைத்து முடிவு சொல்லக் கூடாது. பல்லாயிரம் பேரை ஓட்டினால் (மடிக்கணினிக்கு இது கண் சிமிட்டும் வேலை) சராசரிக் காத்திருப்பு 2.25 நிமிடத்தில் வந்து நிற்கும். வரிசைகளுக்கென்றே இருக்கிற சூத்திரமும் அதையேதான் சொல்கிறது. ஒரு டீக்கு எப்போதும் சரியாக ஒன்றரை நிமிடம் என்பதால் இந்த எண். டீ போடும் நேரமும் வருகையைப் போலவே தாறுமாறாகச் சிதறினால் 4.5 நிமிடம். நிஜக் கடை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும்.

என்னை உட்கார வைத்தது அடுத்த எண்தான். மாஸ்டர் ஆளுக்குப் பதினெட்டு விநாடி கூடுதலாக எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை நிமிடம் 1.8 நிமிடம் ஆகிறது. இன்னும் அவர் வருகிற வேகத்துக்கு ஈடுகொடுக்கிறார், மணிக்கு ஆறு நிமிடம் உபரிகூட இருக்கிறது. ஆனால் காத்திருப்பு 2.25 நிமிடத்திலிருந்து 8.1 நிமிடத்துக்குத் தாவிவிடுகிறது. எதிர்ப்பக்கமும் அப்படித்தான்: பதினெட்டு விநாடியைக் குறைத்து 1.2 நிமிடமாக்கினால் காத்திருப்பு 54 விநாடி. ஆகவே மாமாவிடம் நான் கேட்ட முதல் கேள்வி ஆள் பற்றியதே அல்ல. டீ இழுக்கிற மாஸ்டரே ஏன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு க்யூஆர் அட்டையை நீட்டி, பணம் விழுந்த சத்தம் வந்ததா என்று காது கொடுத்து, சில்லறை தேட வேண்டும்? அதற்குக் கல்லாவில் மாமாவே இருக்கிறாரே, பேப்பர் படித்துக்கொண்டு.

(இதைச் சொன்ன விதத்தில்தான் பிரச்சினை. அத்தை சிரித்துவிட்டாள்.)

காரணமே இல்லாத கூட்டம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். மணிக்கு 30 பேர் என்ற அதே கடையை ஐந்து நிமிடத் துண்டுகளாகப் பிரியுங்கள். ஒரு துண்டுக்குச் சராசரி இரண்டரைப் பேர். ஒருவர்கூட வராத துண்டு நூற்றுக்கு 8; அதாவது ஏறக்குறைய மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிட வெறுமை இலவசமாக வரும். ஆறு பேரோ அதற்கு மேலோ வருகிற துண்டு நூற்றுக்கு 4. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. முழு மணி நேரத்தை எடுத்தாலும் 30க்கு மேலும் கீழுமாகப் பதினொன்று வரை ஆடுவது சகஜம். இன்று பத்து மணிக்கு 22 பேர், நாளை அதே பத்து மணிக்கு 38 பேர் என்றால் அதற்கு விளக்கம் தேட ஆரம்பிப்பது வெட்டி வேலை.

விளக்கம் தேடியே ஆக வேண்டும் என்ற இந்த அரிப்பு டீக்கடைக்கு மட்டும் உரியதல்ல. இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது ஜெர்மானியப் பறக்கும் குண்டுகள் விழுந்தபோது, சில வட்டாரங்களில் மட்டும் குண்டுகள் குவிகின்றன, குறிவைத்துத்தான் அனுப்புகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. ஆர். டி. கிளார்க் என்ற காப்புறுதிக் கணக்கர் 1946இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். தெற்கு லண்டனில் 144 சதுர கிலோமீட்டரை 576 சம சதுரங்களாகப் பிரித்தார். அதில் விழுந்தவை 537 குண்டுகள். குருட்டாம்போக்கில் விழுந்திருந்தால் 227 சதுரங்கள் தப்பியிருக்க வேண்டும். உண்மையில் தப்பியவை 229. ஒரே ஒரு குண்டு, இரண்டு குண்டு, மூன்று குண்டு விழுந்த சதுரங்களின் எண்ணிக்கைகளும் ஏறக்குறைய ஒத்துப்போயின. அவர் எண்ணியது இடத்தில், நாம் எண்ணுவது நேரத்தில். மற்றபடி கணக்கு ஒன்றே.

நேரத்தில் இதை ஆரம்பத்திலேயே உட்கார்ந்து பார்த்தவர்களில் ஒருவர் ஆக்னர் க்ராருப் எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை. எத்தனை இணைப்புக் கம்பிகள் இருந்தால் அழைக்கிறவர்களைக் காக்க வைக்காமல் சமாளிக்கலாம் என்பது அவர் கேள்வி; மாமாவின் கேள்விக்கு அண்ணன் முறை. 1909இல் வெளியான கட்டுரையில் அழைப்புகள் இப்படித்தான் தற்செயலாக வருகின்றன என்பதை அடிப்படையாக வைத்தார். ஏன் அப்படி? ஊரில் ஆயிரக்கணக்கான சந்தாதாரர்கள். ஒவ்வொருவரும் எப்போதாவதுதான் அழைக்கிறார். ஒருவர் அழைப்பது மற்றவருக்குத் தெரியாது. ஒவ்வொருவரின் பழக்கமும் தனித்தனியாகப் பார்த்தால் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், ஏராளமான பேரின் வருகைகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக் கலந்தால் கலவை எக்ஸ்பொனென்ஷியலை நெருங்கிவிடும். தினமும் சரியாக 10:10க்கு வந்து கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) கேட்கிற லெபோ பந்தாய் வங்கி ஊழியர்கூட இந்தக் கலவையில் கரைந்துபோவார். இன்றும் தொலைபேசி நெரிசலை அளக்கும் அலகின் பெயர் எர்லாங்தான்.

இந்தப் பரவலில் ஜீரணிக்கக் கடினமான குணம் ஒன்று உண்டு. அதற்கு நினைவே கிடையாது. "இவ்வளவு நேரமா ஒரு ஈ காக்கா இல்ல, இப்ப வந்துருவாங்க பாரு" என்பது மாமாவின் நம்பிக்கை. கடைசி ஆள் போய்ப் பத்து விநாடி ஆகியிருந்தாலும், பத்து நிமிடம் ஆகியிருந்தாலும், அடுத்த ஆளுக்கு இன்னும் எதிர்பார்க்க வேண்டியது அதே சராசரி இரண்டு நிமிடம்தான். முதலில் விநாடிகளை ஒன்றுக்கொன்று தெரியாதவை என்று வைத்துக்கொண்டோமே, அதன் விலை இது. வெறுமை கடன் பாக்கி வைப்பதில்லை.

சூத்திரப் பிரியர்களுக்காக ஒரு பக்கச் சந்து. எனக்கு இதில் ஆகப் பிடித்த பகுதி இதுதான் என்பதால் சுருக்க மனமில்லை. 1951இல் அச்சான ஒரு சிறு கட்டுரையில் வான் நியூமன், மடக்கையே போடாமல் எக்ஸ்பொனென்ஷியல் எண்ணை உருவாக்க ஒரு வழி சொன்னார். எண்களை எது பெரிது எது சிறிது என்று ஒப்பிட்டால் மட்டும் போதும். வரிசையாக எண்களை எடுங்கள். இறங்குமுகமாக இருக்கும்வரை எடுத்துக்கொண்டே போங்கள்; ஏறிவிட்டால் நிறுத்தி, இறங்கிய வரிசையில் எத்தனை எண்கள் என்று பாருங்கள். ஒற்றைப்படை என்றால் அந்த வரிசையின் முதல் எண்தான் விடை. இரட்டைப்படை என்றால் அத்தனையையும் எறிந்துவிட்டு, கணக்கில் ஒன்று கூட்டிக்கொண்டு புதிதாக ஆரம்பியுங்கள்.

நம் பத்து எண்களிலேயே பார்க்கலாம். 0.62, 0.08 இறங்குகிறது, 0.91 ஏறிவிட்டது. இறங்கியவை இரண்டு, இரட்டை. எறி, கணக்கு 1. அடுத்து 0.87, 0.33 இறங்குகிறது, 0.97 ஏற்றம். மறுபடி இரட்டை. எறி, கணக்கு 2. அடுத்து 0.15, உடனே 0.74 என்று ஏறிவிட்டது. இறங்கிய வரிசையில் ஒரே எண், ஒற்றை. விடை 2.15. சராசரி இரண்டு நிமிடத்தால் பெருக்கினால் 4.3 நிமிட இடைவெளி. மடக்கை அட்டவணை இல்லை, கால்குலேட்டர் இல்லை. ஒற்றை இரட்டை பார்ப்பதற்குள் மடக்கை எப்படிப் புகுந்தது என்றால், இறங்குமுக வரிசை நீள்வதற்கான வாய்ப்புகளைக் கூட்டிக் கழித்து எழுதினால் 2.718இன் எதிர் அடுக்கை விரித்தெழுதும் தொடர் வரி பிசகாமல் வந்து நிற்கிறது. பெருக்கல் வகுத்தலே பெரும்பாடாக இருந்த காலத்து இயந்திரத்துக்கு இது வரப்பிரசாதம். இப்போது யாருக்கும் இது தேவையில்லை. மழைக்கால மாலையில் தாளில் போட்டுப் பார்ப்பதற்கு ஏற்றது.

கணினியில் செய்யப் போகிறவர்கள் இடறுகிற இடங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். பைத்தான் கணினி மொழியின் 'எக்ஸ்போவேரியேட்' வேகத்தைக் கேட்கும், அதாவது மணிக்கு 30 என்றால் 30. விடை மணியில் வரும். பைத்தானோடு சேர்த்துப் பயன்படுத்தும் நம்பை நூலகத்தின் 'எக்ஸ்பொனென்ஷியல்' சராசரி இடைவெளியைக் கேட்கும். நிமிடக் கணக்கில் அங்கே 30 என்று கொடுத்தால் அரை மணிக்கு ஒருவர் என்று எடுத்துக்கொண்டு, கடையைச் சுடுகாடாக்கிவிடும். எக்செல்லில் 'லாக்' என்று போட்டால் அது பத்தடிமான மடக்கை. இரண்டு நிமிடச் சராசரி 52 விநாடியாகச் சுருங்கும், விடை பார்க்க நியாயமாகவே இருக்கும், அதுதான் ஆபத்து. 'எல்என்' என்று போட வேண்டும். இன்னொன்று, கணினி தரும் 'உ' சரியாகப் பூஜ்யமாக அமையலாம், ஒருபோதும் சரியாக 1 ஆகாது. பூஜ்யத்துக்கு மடக்கை இல்லை. அதனால் (1 − உ)வின் மடக்கையை எடுப்பது வழக்கம். இதில் ஒரு வேடிக்கை: பைத்தான் தரும் எண்களின் நுணுக்கத்துக்கு ஓர் எல்லை இருப்பதால், இந்த முறையில் சராசரியைப் போல 36.7 மடங்குக்கு மேற்பட்ட இடைவெளி பிறக்கவே பிறக்காது. மாமா கடையில் 73 நிமிடம். அதற்கு மேல் ஈ ஓட்ட வேண்டியிருந்தால் அது சூத்திரத்தின் குற்றமல்ல, ஊரடங்காக இருக்கும்.

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. மாமா மகன் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஆள் வரும்போதும் கைப்பேசியில் ஒரு தட்டுத் தட்டி நேரங்களைப் பதிந்து கொடுத்தான். எக்ஸ்பொனென்ஷியலுக்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது: இடைவெளிகளின் சராசரியும் திட்ட விலக்கமும் (சராசரியைச் சுற்றி அவை எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) சமமாக இருக்க வேண்டும். விலக்கம் சிறியதென்றால் யாரோ ஒழுங்குபடுத்துகிறார்கள். பெரியதென்றால் யாரோ கொத்தாக அனுப்புகிறார்கள். மாமா கடையில் விலக்கம் பெரிதாக இருந்தது. சந்தேகமில்லாமல் பெரிதாக.

முதல் காரணம் சுலபம். மூன்று பேர் சேர்ந்து வந்தால் பையன் மூன்று தட்டுத் தட்டியிருக்கிறான். ஒரே மேசையில் உட்காரப் போகிற மூவர் மூன்று வருகை அல்ல, ஒரு வருகை. குழுக்களின் இடைவெளியை எக்ஸ்பொனென்ஷியலாக எடுத்து, ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர் என்பதைத் தனியாகக் குலுக்கிப் போட வேண்டும். அதைத் திருத்திய பிறகும் விலக்கம் முழுதாக அடங்கவில்லை.

படகு. எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து வருகிற ஃபெர்ரி வெல்ட் கீ படகுத்துறையில் ஆட்களை இறக்கிவிடுகிறது. அங்கிருந்து நடந்தால் பத்து நிமிடத்தில் லிட்டில் இந்தியா. கார்கள் ஏறிய பழைய இரண்டு அடுக்குப் படகுகளின் காலம் 2020 முடிவோடு போய்விட்டது. இப்போது நடந்து வருகிறவர்களும் மோட்டார்சைக்கிள்களும்தான். நினைத்துப் பாருங்கள்: அந்தக் கரையில் இவர்கள் தனித்தனியாகத்தான் படகுத்துறைக்கு வந்தார்கள், ஒருவருக்கொருவர் சொல்லிவைக்காமல். எர்லாங் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். (ரயில் வந்த நேரம் தவிர, பினாங்கு சென்ட்ரலில் ரயில், பஸ், படகு எல்லாம் ஒட்டி ஒட்டி நிற்பதால் அங்கேயும் கொத்து உண்டு.) ஆனால் படகு அவர்களைச் சேர்த்துக் கட்டி, இந்தக் கரையில் ஒரே தடவையில் கொட்டிவிடுகிறது. அதே மனிதர்கள், அதே காலை. நடுவில் கால அட்டவணை உள்ள ஒரு வாகனம் புகுந்ததும் அவர்களுடைய தற்செயல் அழிந்துபோகிறது. மாமா சொன்ன காரணங்களில் படகு மட்டும் இருந்ததே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கண்ணுக்கெதிரே இருந்த ஒரே உண்மையான காரணம்.

இதை உருவாக்க எக்ஸ்பொனென்ஷியல் உதவாது. படகு சேரும் நேரத்தை அட்டவணையிலிருந்து எடுத்து, அதில் கொஞ்சம் தாமதத்தைக் கூட்டி, இறங்குகிறவர்களில் சிலரை மட்டும் கடைப் பக்கம் திருப்பி, ஒவ்வொருவருக்கும் ஒரு நடை நேரம் கொடுக்க வேண்டும். வேகமாக நடக்கிறவர் முதலில், பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் பிறகு. இந்தக் கொத்தை, தெருவிலிருந்து தற்செயலாக வருகிறவர்களின் எக்ஸ்பொனென்ஷியல் வரிசையோடு கலந்து நேரப்படி அடுக்கினால் பையன் பதிந்த மாதிரியே ஒரு காலை கிடைக்கிறது.

நாள் முழுக்க வேகம் ஒன்றல்ல என்பது அடுத்த தலைவலி. விடிகாலையில் மந்தம், பத்து மணிக்கு உச்சம், மூன்று மணிக்குத் தூக்கம். வெள்ளிக்கிழமை கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் தொழுகை முடிந்ததும் இன்னொரு உச்சம். பலர் செய்வது, அந்தந்த நேரத்து வேகத்தை வைத்து அடுத்த இடைவெளியை எடுப்பது. அது தப்பு. 6:30க்கு மணிக்கு இரண்டு பேர் என்ற வேகத்தில் ஓர் இடைவெளி எடுத்தால் அதன் சராசரி அரை மணி. ஒரே தாவலில் 7:40க்குப் போய் இறங்கி, ஏழு மணிப் பசியாறல் கூட்டத்தை அப்படியே விழுங்கிவிடலாம். லூயிஸ், ஷெட்லர் என்ற இருவர் 1979இல் எழுதிய வழிதான் நான் பயன்படுத்துவது: நாள் முழுவதையும் உச்ச வேகத்திலேயே உருவாக்கு, பிறகு மந்தமான நேரங்களில் ஆட்களை நீக்கு. உச்சம் மணிக்கு 30, மூன்று மணிக்கு 12 என்றால், மூன்று மணிக்கு வந்த ஒவ்வொருவரையும் 0.4 வாய்ப்பில் மட்டும் வைத்துக்கொள், மற்றவரை அழி. எளிமையான வழி, ஒரு ஓட்டையும் இல்லை. தைப்பூசத்துக்கு மட்டும் இதைக்கூட நான் முயலமாட்டேன். தேர் எந்தத் தெருவில் நிற்கிறதோ அங்கேதான் ஊரே நிற்கும். அன்று சொல்லிவைக்காமல் வருகிறவர் யாருமில்லை.

எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டியதில் மாமாவுக்குச் சொன்னது இதுதான்: முழுக் காலைக்கும் புது ஆள் வேண்டாம். காசு வாங்குகிற வேலையை மாஸ்டர் கையிலிருந்து எடுங்கள். படகு வந்து பத்து நிமிடம் கழித்து, கோப்பை கழுவுகிறவரைக் கொஞ்ச நேரம் இழுக்கிற பக்கம் நிறுத்துங்கள். அவர் முதலாவதைச் செய்தார். இரண்டாவதுக்கு, "படகு எப்ப வருதுன்னு நான் என்ன கடலையா பார்த்துக்கிட்டு இருக்க முடியும்?" என்றார். பையன் கைப்பேசியில் அலாரம் வைத்துக் கொடுத்திருக்கிறான்.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. பையன் பதிந்தது கடைக்குள் வந்தவர்களை. வரிசையின் நீளத்தைப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனவர்கள் அந்தப் பதிவில் இல்லை. அவர்கள் போவது தற்செயல் அல்ல, வரிசை நீளமாக இருக்கும்போது மட்டும்; ஆகவே உச்ச நேரத்து வேகத்தை நாங்கள் குறைத்தே எண்ணியிருக்கிறோம், எந்த நேரத்தில் சரியாக எண்ண வேண்டுமோ அதே நேரத்தில். வருகிற சனிக்கிழமை பையனை எதிர்ச்சாரியில் ஐந்தடி நடைபாதையில் நிற்க வைத்து, பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களை மட்டும் தட்டச் சொல்லியிருக்கிறேன். கூலியாகப் பத்து வெள்ளி கேட்கிறான், பேரம் நடந்துகொண்டிருக்கிறது.